மலை ஏறும்போது ஜீப் ஏன் கொதிக்கிறது? ரேடியேட்டரை மாற்றும் முன் காற்றுக்கு வழி பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். அதிலிருந்த 2112 சி.சி. டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு ஸ்கார்ப்பியோவின் 2.2 லிட்டர் எம்ஹாக் ஏற்றியிருக்கிறார்கள். ஏ.சி. உண்டு, இன்டர்கூலரை (டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிரவைப்பது) முன்பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். ரேடியேட்டர் புதிய அலுமினியம், அதன் முன்னால் 12 அங்குல மின்விசிறி ஒன்று. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை, சூடு காட்டும் முள் பாதியிலேயே நிற்கிறது. வால்பாறை மலை ஏற ஆரம்பித்தால் ஒன்பதாவது வளைவுக்குள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மறிக்கும் வால்வு) கழற்றிப் பார்த்தும் பயனில்லை. இன்னும் பெரிய ரேடியேட்டர் போடலாமா?

போட வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். கோளாறு எங்கே என்று உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. சமதளத்தில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று தானே வந்து ரேடியேட்டரில் மோதுகிறது. விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மலையில் இரண்டாவது கியரில் 25, 30-ல் ஏறும்போது எஞ்சின் கொடுக்கும் வெப்பம் கூடுகிறது, எதிர்க்காற்று கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. அப்போது விசிறி ஒன்றுதான் துணை. சமதளத்தில் சமாளிக்கும் வண்டி மலையில் தோற்றால் முதல் சந்தேகம் காற்று. இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் நன்றாக இருந்து நான்குவழிச் சாலையில் 90-ல் அரைமணி நேரம் போனபின் சூடேறினால் சந்தேகம் தண்ணீர்ப் பக்கம் திரும்பும்: அடைத்த கோர் (ரேடியேட்டரின் குழாய்களும் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதி), உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப், ரேடியேட்டரின் கொள்ளளவு. எப்படி ஓட்டினாலும் சூடேறினால் ஹெட் கேஸ்கெட்டையும் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு காற்று தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,800 கிலோ வண்டி, 8 சதவீத ஏற்றம், மணிக்கு 40 கிலோமீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 16 கிலோவாட். டயர் உராய்வு, கியர் இழப்பு, ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்தால் எஞ்சின் 25-லிருந்து 30 கிலோவாட் வரை தர வேண்டும். டீசல் எஞ்சினில் ஏறக்குறைய அதே அளவு வெப்பம் கூலன்ட்டுக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. 25 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, உள்ளே வரும் காற்று ரேடியேட்டரைக் கடக்கும்போது 30 டிகிரி சூடேறுகிறது என்றால், வினாடிக்கு முக்கால் கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 2,600 கன மீட்டருக்கு மேல். இதற்கும் முன்னால், ஏ.சி.யின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்ஸர் அதே காற்றைச் சூடாக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது.

விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது எதிரே எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் சுற்றும்போது கிடைக்கும் அளவு. இன்டர்கூலர், கண்டென்ஸர், ரேடியேட்டர் என்று மூன்று கோர்களை வரிசையாக நிறுத்தி இழுக்கச் சொன்னால் அதில் பாதி கிடைத்தாலே நல்ல விசிறி.

கை வைக்கும் முன் அளந்துகொள்ளுங்கள். பழைய ஜீப்பின் முள்ளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். டேஷ்போர்டின் எர்த் சரியில்லாவிட்டால் ஹெட்லைட் போட்டதுமே முள் நகரும். எம்ஹாக்குக்கு இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருப்பதால், டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஒரு சாதாரண ஓ.பி.டி. ரீடரை (அந்தக் கணினியின் அளவுகளைப் படிக்கும் சிறு கருவி) செருகி, செல்போனில் கூலன்ட் சூட்டை டிகிரியாகவே பார்க்கலாம். கூடவே ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி. பளபளப்பான அலுமினியத்தை அது சரியாகப் படிக்காது, 90 டிகிரியில் இருப்பதை 50 என்று காட்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சேரும் இடத்திலும் கீழ் ஹோஸ் சேரும் இடத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளந்தால் சரியான எண் வரும்.

இப்போது வண்டியை மலையில் ஏற்றி, சூடு 100-ஐ நெருங்கும்போது ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இரண்டு டேப்பையும் அளந்து பாருங்கள். மேலுக்கும் கீழுக்கும் 6-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. வித்தியாசம் மூன்று, நான்குதான் என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, ஆனால் காற்று வெப்பத்தை எடுத்துப் போகவில்லை. 20-க்கு மேல் என்றால் தண்ணீர் மெதுவாக நகர்கிறது. பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், அடைப்பு என்று அந்தப் பக்கம் போங்கள். பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளில் இதைவிட உபயோகமானது வேறில்லை. உங்கள் வண்டியில் வித்தியாசம் குறைவாகத்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

12 அங்குல விசிறியின் வட்டம் சுமார் 700 சதுர சென்டிமீட்டர். ரேடியேட்டர் கோர் 45-க்கு 45 சென்டிமீட்டர் என்றால் அது 2,025. ஷ்ரௌடு (விசிறியின் இழுப்பை கோர் முழுவதற்கும் பரப்பும் தகட்டு உறை) இல்லாமல் முன்னால் கட்டிய விசிறி, தனக்கு நேரே இருக்கும் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மட்டும்தான் காற்றைத் தள்ளுகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு சும்மா நிற்கிறது. அதோடு, முன்னால் நிற்கும் விசிறியின் மோட்டாரும் இறக்கைகளும், வண்டி வேகமாகப் போகும்போது வரும் இயற்கைக் காற்றையும் மறைக்கின்றன. இந்த வேலைக்குச் சரியானது ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் நின்று இழுக்கும் 16 அங்குல விசிறி, கோர் முழுவதையும் மூடும் ஷ்ரௌடோடு. இருக்கிற விசிறியைப் பின்னால் மாற்றி வயரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சிலர் செய்வார்கள். தள்ளுவதற்கென்று வளைத்த இறக்கை திரும்பிச் சுற்றினால் காற்று வரும், ஆனால் மிகவும் குறைவாக. இறக்கையைத் திருப்பிப் போட முடிகிற மாடலாக இருந்தால் அதையும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் இழுக்கும் வகையையே வாங்க வேண்டும்.

ஷ்ரௌடை எந்தத் தகர வேலைக்காரரிடமும் செய்துகொள்ளலாம். 1.2 மி.மீ. அலுமினியத் தகடு போதும். கோருக்கும் விசிறிக்கும் நடுவே 50 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி கொடுங்கள். விசிறி கோரை ஒட்டி நின்றால் ஷ்ரௌடு இருந்தும் மூலைகளிலிருந்து காற்று வராது. இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் இடையே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மின்விசிறிக்கு அதன் வளையமே அதைப் பார்த்துக்கொள்ளும். எஞ்சினோடு சுற்றும் விசிறி வைத்தால், எஞ்சின் மவுண்டில் ஆடும் என்பதால் 20 மி.மீ. விட வேண்டும், இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரௌடுக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். ஷ்ரௌடின் மூலைகளில் 80 மி.மீ. அளவில் ஒரு சில துளைகள் வெட்டி, பின்பக்கம் ரப்பர் மடலை மேல் விளிம்பில் மட்டும் ரிவெட் அடித்து விடுங்கள். விசிறி இழுக்கும்போது மடல் ஒட்டிக்கொள்ளும், வேகத்தில் காற்று தள்ளும்போது திறந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் ஷ்ரௌடே தடையாகாமல் இருக்க இதுதான் வழி.

ஜீப்பில் எம்ஹாக்கை இறக்கினால் முன்பக்கப் புல்லிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடம் கிடைப்பது சிரமம் என்பது தெரியும். முதலில் அளவு எடுங்கள்: புல்லி முகத்திலிருந்து கோர் வரை. ஷ்ரௌடு, விசிறி, ஆட்டத்துக்கு 25 மி.மீ. எல்லாம் சேர்ந்து 130-லிருந்து 150 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் ரேடியேட்டரை கிரில்லை நோக்கி 40, 50 மி.மீ. நகர்த்துங்கள். கிரில்லின் பின்னால் இப்போது வீணாக இருக்கும் இடம் அதற்குத்தான்.

அடுத்தது ஓட்டைகள். கட்டிய வண்டிகளில் பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ரேடியேட்டரின் இரு பக்கத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருந்தால், கிரில் வழியாக வந்த காற்று மூன்று கோர்களை முட்டிக்கொண்டு போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். வண்டி நிற்கும்போது இன்னும் மோசம்: கோரைக் கடந்து 70 டிகிரியில் வந்த காற்று அதே ஓட்டை வழியாக முன்னால் சுற்றிவந்து மறுபடி உள்ளே போகும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். எஞ்சினைச் சூடாக்கி, விசிறி ஓடும்போது, பானெட்டைப் பாதி திறந்து ரேடியேட்டரின் விளிம்பைச் சுற்றி ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை நேராக கோருக்குள் போனால் சரி. விளிம்பில் முன்பக்கமாகத் திரும்பிச் சுருண்டு வந்தால் அங்கே ஓட்டை. பிறகு ஒரு ஏ4 தாளை கண்டென்ஸர் முகத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டுமல்ல, நான்கு மூலையிலும் ஒட்டி நிற்க வேண்டும்.

அடைப்பதற்கு அலுமினியத் தகடும், வெப்பம் தாங்கும் கறுப்பு ரப்பர் ஃபோம் பட்டையும் போதும். கிரில்லின் பின்பக்கத்திலிருந்து கோர் வரை நான்கு பக்கமும் மூடிய பெட்டிபோல் ஆக்குங்கள், மேலும் கீழும் உட்பட. கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 10-லிருந்து 15 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியின் விளிம்பையும் ஃபோம் வைத்து மூடுங்கள். இன்டர்கூலர் ரேடியேட்டரின் முகத்தில் பாதியை மறைத்தால், அதை ஒரு பக்கமாக ஒதுக்கவோ கொஞ்சம் கீழே இறக்கவோ இடம் உண்டா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்கு, கொசுவலை, வின்ச் என்று எதையாவது மாட்டியிருந்தால் சோதனைக்காவது கழற்றிவிடுங்கள்.

உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வழி வேண்டும். பெரிய எஞ்சின், அகலமான எக்ஸாஸ்ட், டர்போ, அடிப்பாகத்தைக் காக்கும் ஸ்கிட் பிளேட் என்று எல்லாம் அடைத்தபின் எஞ்சின் அறை ஒரு மூடிய டப்பாவாகிவிடுகிறது. பலர் பானெட்டின் பின்விளிம்பில் வாஷர் கொடுத்து ஓர் அங்குலம் தூக்கி வைப்பார்கள். நிற்கும்போது அதன் வழியே சூடு மேலே போவது உண்மைதான். ஆனால் ஜீப்பின் நிமிர்ந்த கண்ணாடி அடியில், வேகத்தில் காற்று அழுத்தம் கூடும் இடம் அது. அங்கே திறந்தால் காற்று உள்ளே தள்ளப்படும். லூவர் (காற்று வெளியேறும் சாய்வான பிளவுகள்) வெட்டுவதானால் பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். ஸ்கிட் பிளேட்டில் பின்னோக்கித் திறக்கும் துளைகள் கொடுங்கள். டர்போவின் சூடான பக்கத்துக்கு ஒரு தகட்டு மறைப்பும் தேவை.

மின்சாரப் பக்கம் சிக்கல் எளிது, ஆனால் அதில் பாதிக் காற்றை இழப்பவர்கள் நிறைய. நல்ல 16 அங்குல விசிறி ஓடும்போது 20-லிருந்து 25 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் இன்னும் அதிகம். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் கொடுத்தால் சுவிட்ச் உருகும், விசிறியும் மந்தமாகச் சுற்றும். பேட்டரியிலிருந்து 6 சதுர மி.மீ. வயர், 40 ஆம்பியர் ஃபியூஸ், நல்ல ரிலே, அதே தடிமனில் எர்த் வயர் பேட்டரி நெகட்டிவ் வரை. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை விசிறியின் கனெக்டரிலேயே வைத்து அளந்தால் 13.5 வோல்ட்டுக்குக் கிட்டத்தில் வர வேண்டும். 11.5 வந்தால் வழியில் எங்கோ இழப்பு. விசிறி 95 டிகிரியில் ஓடத் தொடங்கி 88-ல் நிற்கட்டும். ஏ.சி. போட்டால் சூடு எவ்வளவாக இருந்தாலும் ஓட வேண்டும். இதை மனிதர் கையில் இருக்கும் சுவிட்சை நம்பி விடாதீர்கள்.

இனி தெர்மோஸ்டாட். கழற்றியதைத் திரும்பப் போடுங்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு வட்டத் தகடு உண்டு. எஞ்சின் சூடாகி மேல் வால்வு திறக்கும்போது, இந்தத் தகடு பைபாஸ் வழியை மூடும். மொத்தத்தையும் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்தது சூட்டைக் கூட்டுகிறது. சமதளத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடி சிலிண்டரின் உள்சுவர் தேய்வதும் உண்டு. பழையது நல்லதா என்று பார்க்க, அதை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். ஒரு வெப்பமானியும் வேண்டும். அதில் பொறித்திருக்கும் சூட்டில் திறக்க ஆரம்பித்து, மேலும் 10, 12 டிகிரிக்குள் 8 மி.மீ. அளவாவது திறக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றிய ஜீப்பில் இன்னொரு வழக்கமான தொல்லை, சிக்கிய காற்று. ரேடியேட்டரின் தலை எஞ்சின் ஹெட்டைவிடத் தாழ்ந்து நின்றால், ரேடியேட்டர் மூடி வழியாக எவ்வளவு ஊற்றினாலும் ஹெட்டின் உச்சியில் காற்று தங்கும். அந்த இடத்தில் தண்ணீர் படாத உலோகம் தனியாகச் சுடும். சென்ஸர் அந்தக் காற்றில் இருந்தால் முள் தாறுமாறாக ஆடும். தீர்வு, மொத்த அமைப்பிலும் உயரமான இடத்தில், ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்), அழுத்த மூடியோடு ஒரு ஹெடர் டேங்க். ஹெட்டின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய பைப், ரேடியேட்டரின் உச்சியிலிருந்து இன்னொன்று, இரண்டும் டேங்கின் மேல்பகுதிக்கு. டேங்கின் அடியிலிருந்து 19 மி.மீ. ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு. மெல்லிய பைப்புகளில் 2 மி.மீ. துளை மட்டும் விடுங்கள், பெரிதானால் அதுவும் ஒரு பைபாஸ் ஆகிவிடும். 10 லிட்டர் கூலன்ட் சூடாகும்போது அரை லிட்டருக்கு மேல் விரியும். டேங்கில் ஒரு லிட்டராவது காலி இடம் இருக்கட்டும். நிரப்பும்போது முன்சக்கரங்களைக் கல்மேல் ஏற்றி, ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள்.

மூடியைச் சிறிய சாமான் என்று நினைக்காதீர்கள். வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். அழுத்தம் பிடிக்காத மூடியும் வெறும் தண்ணீருமாகப் போனால் 97 டிகிரியிலேயே கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட்டும் ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் மூடியும் இருந்தால் 120-ஐத் தாண்டினாலும் கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியை மாற்றுங்கள், கழுத்தின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூலன்ட் அதிகமானால் குளிர்ச்சி அதிகம் என்பது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது. கூலன்ட் துருவையும் கொதிநிலையையும் கவனிக்கிறது. ஒரு பங்கு கூலன்ட்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர் நம் ஊருக்குப் போதும், அதற்குக் கீழே போகாதீர்கள். தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் வகையாக இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்பு அலுமினியக் கோரை ஓராண்டிலேயே நாசமாக்கிவிடும்.

இவ்வளவும் செய்யும் முன் ஹெட் கேஸ்கெட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சிவப்பு வரை பலமுறை போன எஞ்சின் இது. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடே ஏறாத தண்ணீரில் ஹோஸ் கல்போல் விறைத்தால் சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது. மூடி திறந்த நிலையில் நிற்காமல் குமிழி வருவதும், கசிவே தெரியாமல் கூலன்ட் குறைவதும் அதே கதை. சந்தேகமிருந்தால் நீலத் திரவம் வைத்துச் செய்யும் வாயுச் சோதனை பட்டறைகளில் உண்டு. இது போயிருந்தால் மேலே சொன்ன எந்த வேலையும் பலிக்காது.

பெல்ட் வழியை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஏ.சி. கம்ப்ரஸரை வேறிடத்தில் பொருத்தும்போது பெல்ட்டின் வழி மாறி, வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுவது உண்டு. தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும் என்பதால் சமதளத்தில் தெரியாது. கீழ் ஹோஸின் உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறதா, 2,500 ஆர்.பி.எம்.மில் அது ஒட்டிக்கொள்கிறதா என்றும் ஒரு பார்வை.

வேலை முடியும்வரை மலைக்குப் போக நேர்ந்தால்: 100-ஐத் தாண்டியதும் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். அகலமான இடத்தில் நிறுத்தி, கூலன்ட் கொட்டாமல் இருந்தால் எஞ்சினை 1,200 ஆர்.பி.எம்.மில் ஓடவிடுங்கள். கொட்டியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மேல் ஹோஸைக் கையால் நிம்மதியாகப் பிடிக்க முடியும்வரை மூடியைத் தொடக்கூடாது. அந்த நீராவி முகத்தை வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: ஹெட் கேஸ்கெட் சோதனை, தெர்மோஸ்டாட்டும் மூடியும், ஓட்டைகளை அடைத்தல், ஷ்ரௌடோடு இழுக்கும் விசிறி, ஹெடர் டேங்க், கடைசியாக பானெட் லூவர். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே நேரத்தில் ஓட்டி ஓ.பி.டி. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் ஏ.சி. போட்டு அரைமணி நேரம் நின்றபடி ஓடினால் 97-ஐத் தாண்டக்கூடாது. ஆழியாறிலிருந்து ஒன்பதாவது வளைவு வரை 102-க்குள் நின்று, ஏற்றம் தணிந்த இரண்டு மூன்று நிமிடத்தில் 92-க்கு இறங்க வேண்டும். எல்லாம் செய்தபின்னும் 105 காட்டி, மேல் கீழ் வித்தியாசமும் 12 டிகிரிக்குள் இருந்தால், அப்போது தடித்த கோர் கேட்காமல், அகலமான கோர் கேட்டு ரேடியேட்டர் கடைக்குப் போங்கள்.